என்ன வேலை செய்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை

எனக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து 12 வருசத்துக்கு மேல் ஆகிறது. 2012-ல் முதல் பெட்டி. அதன் பேட்டரி தீர்ந்து 2023-ல் இரண்டாவது பெட்டி. முதல் பெட்டியோடு 11 வருசம் நகராட்சிக் குப்பை வண்டி மிதித்தேன். இரண்டாவது பெட்டி வைத்த மறுமாசமே என்னால் வண்டி மிதிக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டபோது எனக்குக் கிடைத்த பதில்களையும், எட்டு மாசம் கழித்துத் தெரிந்துகொண்ட காரணத்தையும் இங்கே எழுதுகிறேன். அனுதாபம் வேண்டி எழுதவில்லை. நம் சனங்களில் எத்தனையோ பேர் இன்று நெஞ்சுக்குள் இந்தப் பெட்டியோடு கூலி வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும்.

எங்கள் ஊர் செஞ்சிப் பக்கம். அப்பா நிரந்தரத் துப்புரவுத் தொழிலாளி. சாக்கடை நாற்றத்துக்குக் குடித்து, குடித்தே செத்தார். அதனாலேயே நான் அந்த எழவைத் தொட்டதில்லை. நான் பத்தாவது வரை படித்தேன். எனக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை, ஒப்பந்தம்தான். மஸ்டரில் கைநாட்டோ கையெழுத்தோ போட்டால் அன்றைக்குக் கூலி. போடவில்லை என்றால் இல்லை.

2012-ல் ஒருநாள் காலை ஏழு மணிக்கு வண்டியோடு தெருவில் விழுந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது, காது மட்டும் கேட்டது. "காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு" என்று ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து குரல் வந்தது. யாரும் கிட்டே வரவில்லை. கூட வேலை செய்த அக்காதான் ஓடிவந்து, தண்ணி தெளித்து, தூக்கி உட்கார வைத்தது. ஆஸ்பத்திரியில் நாடி பிடித்தபோது நிமிசத்துக்கு 36. இ.சி.ஜி. எடுத்துவிட்டு ஹார்ட் பிளாக் என்றார்கள்.

ஹார்ட் பிளாக் என்றால் ரத்தக்குழாய் அடைப்பு இல்லை. பல பேர் அப்படி நினைக்கிறார்கள். இதயத்தின் மேல் அறையில் மின்சாரம் உண்டாகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் இதயம் ஒழுங்காக அடிக்கும். எனக்கு நடுவில் பாதை அறுந்துபோனது. கீழ் அறை உத்தரவுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானாகவே 30, 40 என்று மெல்ல அடித்துக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் மூளைக்கு ரத்தம் போதவில்லை. அதனால்தான் விழுந்தேன்.

அந்த வருசம் ஜனவரியில்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்திருந்தது. அட்டையில் ஆபரேசன் நடந்தது. இடது தோள் எலும்புக்குக் கீழே தோலைக் கீறி ஒரு பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது கீழ் அறைக்கு ஒரே ஒரு ஒயர். வசதி உள்ளவர்களுக்கு மேல் அறைக்கும் கீழ் அறைக்குமாக இரண்டு ஒயர் வைப்பது உண்டு. எனக்கு ஒற்றை ஒயர். குறை சொல்லவில்லை. அந்த ஒற்றை ஒயர்தான் என் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தது.

ஒரு நல்ல இதயம் எல்லா நேரமும் ஒரே வேகத்தில் அடிக்காது. உட்கார்ந்திருக்கும்போது 70 அடித்தால் மூட்டை தூக்கும்போது 120 அடிக்கும். வேலை செய்கிற உடம்புக்கு அதிக ரத்தம் வேண்டும். ஒற்றை ஒயர் வைத்தவனுக்கு மேல் அறையில் நடப்பது எதுவும் பெட்டிக்குத் தெரியாது. ஆகவே இவன் இப்போது வேலை செய்கிறானா, சும்மா இருக்கிறானா என்று பெட்டியே மோப்பம் பிடித்தாக வேண்டும். அதற்குள்ளே ஒரு சென்சார் இருக்கிறது. எந்த சென்சார், அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் கூலிக்காரனின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. இது எனக்கு 11 வருசம் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

*

2023-ல் பேட்டரி தீரப்போகிறது, மாற்ற வேண்டும் என்றார்கள். இது வேறொரு ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். ஒயர் பழையதே இருந்தது, பெட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். பழையது ஒரு கம்பெனி, புதியது வேறு கம்பெனி. கோட்டை மேலே கோடு மாதிரி பழைய தழும்பிலேயே வெட்டினார்கள். இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண் ஆறியது. கை தூக்க முடிந்தது. வேலைக்குப் போனேன்.

வண்டி மிதித்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் வார்டில் ஒரு மேடு இருக்கிறது. 11 வருசமாக மிதித்து ஏறிய மேடு. பாதி ஏறும்போதே மூச்சு திணறியது. தொடை ரெண்டும் கருங்கல்லாகக் கனத்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, தள்ளிக்கொண்டு போனேன். பேட்டரி வண்டி எங்கள் நகராட்சிக்கும் வந்திருக்கிறது. எங்கள் வார்டுக்கு இன்னும் வரவில்லை. "நெஞ்சுல பேட்டரி வெச்சவனுக்கு வண்டில பேட்டரி இல்ல" என்று கூட இருப்பவர்கள் கிண்டல் பண்ணுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், துடைப்பம் பிடித்துத் தெருப் பெருக்குகிற நாளில் எனக்கு ஒன்றும் இல்லை. மணிக்கணக்கில் பெருக்குவேன். வண்டி என்றால்தான் மூச்சு நிற்கும். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது சும்மா உட்கார்ந்திருப்பேன், நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஓடாத ஆளுக்கு ஓடுகிற இதயம், மிதிக்கிற ஆளுக்குத் தூங்குகிற இதயம்.

சூப்பர்வைசர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "பெருக்கறப்ப நல்லாத்தான கீற. வண்டின்னா மட்டும் எப்பிடி நோவு வருது?" என்றார். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று பேச்சு. நாம் உழைத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் நின்றால் சோம்பேறி. இந்தப் பெயரைத்தான் நம் முதுகில் காலம் காலமாகக் கட்டியிருக்கிறார்கள். மாசத்தில் எட்டு நாள், பத்து நாள் மஸ்டரில் என் பெயருக்கு நேராகக் கோடு விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு வளையம் மாதிரிக் கருவியை நெஞ்சின் மேல் வைத்தார்கள். பெட்டியும் மிஷினும் பேசிக்கொண்டன. ஒரு சீட்டு அடித்து வந்தது. டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எல்லாம் கரெக்டா இருக்கு. போ."

"மூச்சு வாங்குதுங்க அய்யா. வண்டி மிதிக்க முடியல."

"பேட்டரி புதுசு. ஒயர் நல்லா இருக்கு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

இரண்டாவது தடவை போனபோது கேள்வி வந்தது. "தண்ணி போடுவியா?" இல்லை என்றேன். "பொய் சொல்லாத. உங்க ஆளுங்க போடாம இருப்பீங்களா? மாட்டுக்கறி திங்கறத மொதல்ல நிறுத்து." நான் என்ன சாப்பிடுகிறேன் என்று நான் சொல்லவே இல்லை. குப்பை வண்டி என்ற ஒரு சொல்லிலிருந்து அவர் என் தெருவை, என் அடுப்பை, என் குடலை எல்லாம் கண்டுபிடித்துவிட்டார். என் இதயத்தை மட்டும்தான் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்றாவது தடவை தைராய்டு, சுகர், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எக்கோ எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அவற்றைப் பார்த்தது நல்லதுதான், அதில் குறை இல்லை. ஆனால் எதிலும் ஒன்றும் இல்லை என்றதும் "இது மனசு" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார்கள். பெட்டி வைத்தவனுக்குப் பயம் வருவது உண்டுதான். ஆனால் எனக்கு 11 வருசம் வராத பயம் எப்படி வந்தது? மேட்டில் வண்டி மிதிக்கும்போது மட்டும் எப்படி வருகிறது? அதை யாரும் கேட்கவில்லை.

*

அண்ணல் அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தலைப்பில் எழுதிவைத்த குறிப்புகளில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றி வருகிறது. கத்தியவார் பகுதியைச் சேர்ந்த தீண்டப்படாத வாத்தியார் அவர். அவருடைய கடிதம் 1929 டிசம்பர் 12 'யங் இந்தியா'வில் வெளிவந்தது. பிள்ளை பெற்ற அவருடைய மனைவிக்கு உடம்புக்கு முடியாமல் போனது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். அந்த அம்மாவை வெளியே தூக்கிவந்து வைத்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் வாத்தியாரிடம் கொடுத்தார். வாத்தியார் மனைவிக்கு வைத்துவிட்டு அதே வழியில் திருப்பிக் கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்து டாக்டர் நிமோனியா என்றார். அந்த அம்மா பிழைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அந்த டாக்டரைவிட தெர்மாமீட்டர்தான் மனசில் நின்றது. உடம்பைத் தொடாமல், உடம்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கருவி சொன்னதை மட்டும் படித்து நோய்க்குப் பெயர் வைப்பது. இன்று என் நெஞ்சின் மேல் அந்த வளையத்தை வைக்கிறார்கள். தீட்டு என்று யாரும் சொல்வதில்லை. நர்சம்மா கை படத்தான் செய்கிறது. ஆனாலும் கருவி பேசுகிறது, கருவி கேட்கிறது, நடுவில் கிடக்கிற மனுசன் பேசினால் அது கணக்கில் சேர்வதில்லை. அன்று தெர்மாமீட்டர், இன்று சீட்டு.

சீட்டுக்கு எதிராக நானும் ஒரு சீட்டு எழுத ஆரம்பித்தேன். பிளஸ் டூ படிக்கிற என் மகள்தான் யோசனை சொன்னாள். "நாடியப் புடிச்சு எண்ணி எழுதி வைப்பா" என்றாள். மணிக்கட்டில் எங்கே விரல் வைப்பது, கடிகாரம் பார்த்து அரை நிமிசம் எண்ணி இரண்டால் பெருக்குவது எப்படி என்று காட்டினாள். ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். காலையில் எழுந்ததும் 60. தெருப் பெருக்கும்போது 98. வண்டியில் மேடு ஏறி நின்றதும் 62. பஸ்ஸில் பள்ளம் மேடான ரோட்டில் உட்கார்ந்திருக்கும்போது 104. ஒரு மாசம் எழுதினேன். ஒருநாள்கூடக் கணக்கு பெரிதாக மாறவில்லை. மனசு இவ்வளவு ஒழுங்காகவா பயப்படும்?

*

பெட்டியைச் சோதிக்கும் மிஷினோடு கம்பெனியிலிருந்து ஆள் வருவார்கள். அந்தத் தடவை ஒரு புதுப் பையன் வந்திருந்தான். எந்த ஊர் என்று கேட்டான், நானும் கேட்டேன். எந்தத் தெரு என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. நோட்டை நீட்டினேன். நின்றபடியே புரட்டினான். பிறகு உட்கார்ந்து படித்தான்.

"அண்ணே, நீங்க என்ன வேல செய்றீங்க?"

எட்டு மாசத்தில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

என்னை வராந்தாவில் நடக்கச் சொன்னான். கை வீசி நடந்தேன். 95 காட்டியது. "இதத்தான் எல்லாரும் பாத்திருப்பாங்க. நடக்கறதுக்கு நல்லா வேல செய்யுது" என்றான். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனான். ஒரு சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஏறி மிதிக்கச் சொன்னான். மூன்று நிமிசம் மிதித்தேன். மூச்சு வாங்கியது. நாடி பிடித்தான். 64.

நான் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய கம்பெனி கார்டையும் பார்த்த பிறகு அவன் விளக்கினான். என் பழைய பெட்டியில் மூச்சை அளக்கிற சென்சார் இருந்தது. பெட்டிக்கும் ஒயருக்கும் இடையே மிகக் கொஞ்சம் மின்சாரம் விட்டுப் பார்க்கும். மூச்சு இழுத்து நெஞ்சு விரியும்போது மின்தடை மாறும். அதைவைத்து இவனுக்கு மூச்சு வாங்குகிறது, இவன் உழைக்கிறான் என்று தெரிந்துகொண்டு துடிப்பைக் கூட்டும். புதிய பெட்டியில் அது இல்லை. அசைவை அளக்கிற சென்சார் மட்டும்தான். நெஞ்சு குலுங்கினால் உழைக்கிறான் என்று அர்த்தம், குலுங்காவிட்டால் சும்மா இருக்கிறான் என்று அர்த்தம்.

வண்டி மிதிக்கிறவன் என்ன செய்கிறான்? ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து, தோளைக் கெட்டியாக வைத்துக்கொண்டு, பாரம் முழுவதையும் தொடையால் இழுக்கிறான். நெஞ்சு குலுங்குவதே இல்லை. பெட்டி, இவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறது. பெருக்கும்போது உடம்பு ஆடுகிறது, அதனால் துடிப்பு கூடுகிறது. பஸ் குலுங்கும்போது, இவன் ஓடுகிறான் என்று நினைத்து இதயத்தை விரட்டுகிறது. என் நோட்டில் இருந்த நாலு எண்ணும் ஒரே நிமிசத்தில் வரிசையாகப் போய் உட்கார்ந்தன.

இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. அசைவு சென்சார் சைக்கிள் மிதிப்பவருக்குச் சரியாகக் கைகொடுக்காது என்பது இதய வைத்தியப் படிப்பில் ரொம்ப காலமாக இருக்கிற செய்தி. டாக்டர்களுக்குத் தெரிந்த செய்திதான். நான் சைக்கிள் மிதிக்கிறவன் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு கம்பெனி மிஷின் இன்னொரு கம்பெனிப் பெட்டியோடு பேசாது. பழைய பெட்டியில் என்னென்ன அளவு வைத்திருந்தார்கள் என்பதைப் புதிய மிஷின் தானாகப் படித்துக்கொள்ளாது. யாராவது பழைய சீட்டைப் பார்த்து, எழுதி எடுத்துவந்து வைத்தால்தான் உண்டு. எனக்கு அப்படி யாரும் வைக்கவில்லை.

அந்தப் பையன் டாக்டரிடம் பேசிக் கையெழுத்து வாங்கி அளவுகளை மாற்றினான். ஓய்வில் 60 இருந்ததை 70 ஆக்கினான். சென்சாரைச் சின்ன அசைவுக்கும் விழிக்கிற மாதிரி வைத்தான். இப்போது வண்டியில் மேடு ஏறினால் 84, 86 வருகிறது. பழைய பெட்டி மாதிரி இல்லை. நடுவில் ஒரு தடவை இறங்கி நிற்கிறேன். ஆனால் மிதிக்கிறேன். பஸ்ஸில் முன்னைவிட அதிகமாக அடிக்கிறது. பின்சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டேன், அங்கேதான் தூக்கிப் போடுகிறது. இடது கை சுண்டுவிரல் மரத்துப்போவதும், விடியக்காலம் மூணு மணிக்கு விழிப்பு வருவதும் பெட்டி மாற்றிய பிறகு வந்தவை. அதற்கு இன்னும் காரணம் தெரியவில்லை. பெட்டிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

*

2015 முதல் மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. காசியாபாத்தில் இருக்கிற இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. நல்ல காரியம். ஆனால் என் கேசை அதில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? என் பெட்டி கெட்டுப்போகவில்லை. அது செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. காலையில் பூங்காவில் கை வீசி நடக்கிறவருக்கு அது அழகாக வேலை செய்யும். அவர் நடக்கிற பூங்காவைச் சுத்தம் செய்து குப்பையை வண்டியில் மிதித்துக்கொண்டு போகிறவனுக்குச் செய்யாது. பெட்டிக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் இந்த நாட்டில் யார் நடக்கிறார்கள், யார் மிதிக்கிறார்கள் என்பதைச் சாதி தீர்மானிக்கிறது. பெட்டியை எடுத்து வைக்கிறவர் யாரை நினைத்து அளவு வைக்கிறாரோ, அவருக்குத்தான் பெட்டி சொந்தமாகிறது.

இந்தக் கருவி பிறந்த கதையையும் நம் சனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1958 அக்டோபர் 8 அன்று சுவீடன் நாட்டில்தான் முதன்முதலாக ஒரு மனுசனின் உடம்புக்குள் முழுசாக வைத்தார்கள். அவர் பெயர் ஆர்னே லார்சன். வைத்தவர் ஓகே சென்னிங் என்ற சர்ஜன், செய்தவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்ற இன்ஜினீயர். மனுசனுக்கு வைக்கிற நிலைமைக்கு அது அப்போது வரவில்லை. லார்சனின் மனைவி எல்சே மாரிதான் விடாமல் அவர்களிடம் போய் நின்று, செய்யுங்கள் என்று வற்புறுத்தினார். முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனாலும் லார்சன், வாழ்நாளில் 20-க்கும் மேற்பட்ட பெட்டிகள் மாற்றி, 2001-ல் 86 வயதில்தான் செத்தார். நோயாளி வீட்டிலிருந்து வந்த ஒரு பொம்பளையின் பிடிவாதத்தைக் காதுகொடுத்துக் கேட்டதால் உண்டான கருவி இது. அதை வைத்துக்கொண்டு நோயாளி பேசினால் வாயை மூடு என்பது என்ன நியாயம்?

ஆகவே பெட்டி மாற்றப் போகிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் சொல்கிறேன். பழைய கார்டையும் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். மாற்றும் முன்பே பழைய பெட்டியில் என்ன சென்சார், என்ன அளவு என்று எழுதி வாங்குங்கள். புதியதில் அது உண்டா என்று கேளுங்கள். கல் உடைக்கிறேன், நாற்று நடுகிறேன், தோல் ஷாப்பில் நிற்கிறேன், சாக்கடை அள்ளுகிறேன் என்று உங்கள் வேலையை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். நாடி எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், தேதி போட்டு எழுதுங்கள். மயக்கம் வந்தாலோ, விழுந்தாலோ நோட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆஸ்பத்திரிக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பாரத்தில் பெயர், வயசு, அட்டை நம்பர் எல்லாம் இருக்கிறது. குடிப்பாயா என்ற கேள்வி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், உடம்பால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை எங்கள் முகத்தைப் பாருங்கள்.